11 மணி நேரம் பறந்தால் அலையில்லாத கடல்

காரைக்காலில் கடலுக்கு நடந்துபோகும் தூரத்தில் பிறந்து, அதே ஊரில் வாக்கப்பட்டு, எழுபது வயதையும் அங்கேயே தாண்டிய என் அம்மாவுக்கு ஒரு விஷயம் மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. "கடல் பாக்கவா அவ்ளோ காசு குடுத்து ஏரோப்ளேன் ஏறிப் போறாங்க? கடல்ல என்னடா இருக்கு பாக்க?"

அம்மாவுக்குக் கடல் என்றால் மீன் வரும் திசை, புயல் வரும் திசை. 2004 டிசம்பருக்குப் பிறகு அதற்கு மேலும் ஒன்று. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். சாயங்காலம் காற்று வாங்க மணலில் போய் உட்காரலாம், சுண்டல் வாங்கித் தின்னலாம், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் காலை நனைக்கலாம். அதற்கு மேல் கடலிடம் ஒருவர் என்ன எதிர்பார்ப்பது?

நான் இருப்பது பாரிஸ் புறநகரில். தாத்தா அந்தக் காலத்துப் பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்த புண்ணியத்தில் குடியுரிமை கிடைத்த குடும்பம் எங்களுடையது. ஆபீசில் பிப்ரவரி மாதப் பள்ளி விடுமுறை நெருங்கினால் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கப் போகும். இன்னொரு கட்சி வெயிலைத் தேடிக் கிளம்பும். அந்த இரண்டாவது கட்சியில் பாதிப் பேர் சொல்லும் பெயர் மொரிசியஸ். மூக்கு தோலுரிந்து, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வருவார்கள். என்னைப் பார்த்து, "அங்கே உன் ஆட்கள் நிறைய இருக்கிறார்களே, நீ போனதில்லையா?" என்று கேட்பார்கள். கேட்டுக்கேட்டு, கடைசியில் நானும் மனைவியும் போனோம். இந்தப் பதிவு எங்கள் சுற்றுலா ஆல்பம் அல்ல. அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் பார்த்ததில் தேறியது.

முதலில் கடலைப் பற்றி. பெல் மார் கரையில் காலையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் அலை. அங்கேயே உடைந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம், கரைவரைக்கும், இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. அடி மணல் தெரிகிறது, நம் கால்விரலும் தெரிகிறது. இடையில் என்ன இருக்கிறது என்றால், தீவைக் கிட்டத்தட்ட முழுக்கச் சுற்றிவரும் பவளப்பாறை வேலி. பெருங்கடல் அதில் மோதிக் களைத்துவிடுகிறது. உள்ளே அடைபட்டுக் கிடக்கும் ஆழமில்லாத நீரை லகூன் என்கிறார்கள். வங்காள விரிகுடாவின் ஓயாத இரைச்சலில் வளர்ந்தவனுக்கு இது ஏரி. என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள்: "என்னங்க, இது கடல் மாதிரியே இல்லையே, சத்தமே காணோம்!" நீச்சல் தெரியாத அவள் தினமும் ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றாள்.

இந்த வேலி எப்படி வந்தது என்பதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. மொரிசியஸ் சுமார் 80 லட்சம் ஆண்டு வயதுள்ள எரிமலைத் தீவு. எரிமலை அணைந்து காலமாயிற்று. இப்படி அணைந்த தீவு மெல்ல மெல்லத் தேய்ந்து அமிழும். அமிழும் கரையைச் சுற்றிப் பவளம் வெளிச்சத்தைத் தேடி மேலே வளரும். இந்த விளக்கத்தை முதலில் முறையாக எழுதியவர் சார்லஸ் டார்வின். பீகிள் கப்பல் 1836-ல் போர்ட் லூயிசில் நங்கூரமிட்டபோது அவரும் இறங்கி ஊரைச் சுற்றியிருக்கிறார். பவளத்திட்டுகள் பற்றிய அவருடைய நூல் 1842-ல் வந்தது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 225 கிலோமீட்டர் தள்ளி ரெயூனியன். பிரான்ஸின் மாவட்டம் அது. நம்மவர்கள் ஏராளமாகக் குடியேறிய தீவும்கூட. ஆனால் வயதில் இளையது. அதன் ஃபுர்னேஸ் எரிமலை இன்னும் நெருப்புக் கக்கிக்கொண்டிருக்கிறது. பவளம் கட்டுவதற்குப் போதிய காலம் கிடைக்கவில்லை. மேற்குக் கரையில் மட்டும் கொஞ்சம் லகூன் உண்டு. 2011-லிருந்து வரிசையாகச் சுறாத் தாக்குதல்கள் நடக்க, 2013-ல் லகூனுக்கும் காவலுள்ள இடங்களுக்கும் வெளியே குளிப்பதையும் அலைச்சறுக்குவதையும் அரசு தடை செய்தது. விளைவு, தங்களைச் சுற்றிக் கடல் இருந்தும் ரெயூனியன்காரர்கள் குளிக்க மொரிசியசுக்கு வருகிறார்கள். மொரிசியசுக்கு அதிகம் பேரை அனுப்பும் இடங்களின் பட்டியலில் அந்தச் சின்னத் தீவு வெகுகாலமாக முன்வரிசையில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் பறந்து வருகிறவரும் 11 மணி நேரம் பறந்து வருகிறவரும் தேடி வருவது ஒன்றைத்தான்: கடித்துவிடாத, இழுத்துக்கொண்டு போய்விடாத ஒரு கடல்.

சந்தேகம் இருந்தால் தெற்கே சுய்யாக் பக்கம் கிரி கிரி என்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வேலி அங்கே அறுந்துவிடுகிறது. அன்டார்டிகா வரைக்கும் தடுக்க ஒன்றுமில்லாத கடல் வந்து கருங்கல் பாறையில் அறைகிறது. எனக்கு அந்த இடம்தான் தீவிலேயே பிடித்தது. சொந்த ஊருக்கு வந்ததுபோல இருந்தது. சுற்றுலாப் பேருந்துகள் வருகின்றன, எல்லோரும் இறங்கிப் படமெடுக்கிறார்கள், ஐஸ்கிரீம் தின்கிறார்கள், அரைமணியில் ஏறிவிடுகிறார்கள். அங்கே யாரும் துண்டை விரித்துப் படுப்பதில்லை.

ஆக, அலையில்லாத கடல் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் போதுமென்றால் லகூன் உள்ள எத்தனையோ தீவுகள் உண்டே? இங்கேதான் ஆபீஸ்காரர்கள் பேசும்போது காதில் விழுந்ததெல்லாம் உதவிக்கு வந்தது. அவர்கள் கடலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கடிகாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பாரிசுக்கும் மொரிசியசுக்கும் குளிர்காலத்தில் 3 மணி நேரம்தான் வித்தியாசம்; கோடையில் 2. விமானம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே போகிறது, கிழக்கே அதைவிடக் குறைவாகத்தான் நகர்கிறது. இரவு ஏறித் தூங்கினால் காலையில் தீவு. உடம்புக்கு ஒன்றும் தெரியாது. இதே தூரம் கரீபியன் பக்கம் பறந்தால் மதியமே கண் சொக்கும். தாய்லாந்துக்குப் போனால் நடுராத்திரியில் விழிப்பு வரும். ஒரு வார லீவில் மூன்று நாள் தூக்கத்துக்கே போய்விட்டால் காசு கொடுத்தவனுக்கு வயிறு எரியாதா? இரண்டு சின்னக் குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

அடுத்தது மொழி. 1715-லிருந்து 1810 வரை பிரெஞ்சுக்காரர்கள், அதற்குப் பிறகு 1968 மார்ச் 12 வரை ஆங்கிலேயர்கள். இறங்கிப் போன இரண்டு எஜமானர்களின் மொழியும் தங்கிவிட்டது: பாராளுமன்றம் ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில், வீட்டில் கிரியோல். பாரிஸ்காரன் தன் மொழியிலேயே சோறு கேட்கலாம், லண்டன்காரனும் கேட்கலாம். வண்டி இடதுபக்கம் ஓடுகிறது, அதனால் லண்டன்காரனுக்கு வாடகைக் கார் ஓட்டவும் பயமில்லை.

பிறகு மருந்து மாத்திரை. வெப்பமண்டலம் என்றதும் ஐரோப்பியர்களுக்கு முதலில் வருவது மலேரியா பயம். மொரிசியஸ் 1973-லேயே மலேரியாவை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. 1975 புயலுக்குப் பிறகு அது திரும்ப வந்தது; விடாமல் துரத்தி மறுபடி ஒழித்தார்கள். விஷப் பாம்பும் இல்லை. (கல்மீன் இருக்கிறது. அடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும்; மிதித்தால் உயிர் போகிற வலி. அதனால்தான் கரையோரக் கடைகளில் ரப்பர் செருப்பு வியாபாரம் அப்படி நடக்கிறது.)

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: இவ்வளவு தூரம் போகிறவர்கள் புதுமையைத் தேடிப் போவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. தூரம் வேண்டும், அந்நியம் கூடாது. ஆபீசில் சொல்லிக்கொள்ளும்போது தூரமாக ஒலிக்க வேண்டும். போய் இறங்கினால் கடிகாரம், மொழி, தண்ணீர், சாப்பாடு எதுவும் தொந்தரவு தரக்கூடாது. முரண்டு பிடிக்காத வெப்பமண்டலம் வேண்டும். அப்படி ஒன்றைச் செய்து கொடுப்பது லேசான வேலை இல்லை. மொரிசியஸ் அந்த வேலையை அரை நூற்றாண்டாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறது.

சுதந்திரத்துக்கு முன்பு, 1961-ல், பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் இந்தத் தீவை ஆராய்ந்து, எதிர்காலம் இருண்டுதான் கிடக்கிறது என்கிற தொனியில் அறிக்கை கொடுத்தார். கரும்பைத் தவிர ஒன்றுமில்லை, ஜனங்களோ பெருகுகிறார்கள். 1968-ல் ஆண்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 15,000 பேர் அளவில்தான். பிறகு ஹோட்டல்கள் வந்தன: 1973-ல் வடக்குக் கரையில் க்ளப் மெட், 1975-ல் கிழக்குக் கரையில் செங் ஜெரான். இந்த இரண்டாவது பெயர் 1744-ல் அந்தப் பக்கத்துப் பாறையில் மோதி உடைந்த பிரெஞ்சுக் கப்பலுடையது. அந்த விபத்தை வைத்துத்தான் பெர்னார்தென் தெ சென் பியேர் 1788-ல் 'போலும் விர்ஜினியும்' என்ற காதல் கதையை எழுதினார்; ஐரோப்பாவே அழுதுகொண்டு படித்தது. கப்பல் மூழ்கி ஆட்கள் செத்த கதைதான் தேனிலவுத் தீவு என்ற பெயருக்கு முதல் விளம்பரம். விந்தைதான்.

கரும்பு முதலாளிகளே ஹோட்டல் முதலாளிகளாகவும் ஆனார்கள். கரும்பு வளராத கரையோர மணல் நிலம் ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாத நிலம். ஐரோப்பா கரும்புச் சர்க்கரைக்குக் கொடுத்துவந்த நல்ல விலையை 2006-லிருந்து வெட்டத் தொடங்கியபோது, மணல்தான் கைகொடுத்தது. சார்ட்டர் விமானங்களில் மலிவு விலைக் கூட்டம் வந்து இறங்குவதை அரசு வெகுகாலம் விரும்பவில்லை. குறைவான ஆள், அதிகக் காசு என்பது கணக்கு. 2018-ல் வந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். தீவின் மக்கள்தொகை அதைவிடக் குறைவு. குறைவான ஆள் என்ற பாதி நிறைவேறவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

விளம்பரம் என்றதும் இன்னொன்று. சொர்க்கத்தைப் படைப்பதற்கு முன்னால் கடவுள் மொரிசியசைப் படைத்தார், அதைப் பார்த்துத்தான் சொர்க்கத்தைச் செய்தார் என்று மார்க் ட்வைன் சொன்னதாக எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் போட்டிருப்பார்கள். மனுஷன் 1896-ல் அங்கே போனது உண்மை. ஆனால் பயணநூலில் அவர் எழுதியிருப்பது, உள்ளூர்க்காரர் ஒருவர் இப்படிப் பீற்றிக்கொள்கிறார் என்று. அதற்கு அடுத்தாற்போலவே, இன்னொருவர் அது மிகை என்று சொல்வதையும் எழுதியிருக்கிறார். பிற்பாதியை எந்தக் கையேடும் அச்சடிப்பதில்லை. யார் அச்சடிப்பார்கள்?

இப்போதைய கையேடு கைபேசிதான். லெ மோர்ன் மலையடியில் கடலுக்குள்ளேயே அருவி கொட்டுவதுபோல ஒரு படம் உங்களுக்கும் வந்திருக்கும். அது அருவி இல்லை. லகூன் விளிம்பில் கடலடி சட்டென்று ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே மணலும் வண்டலும் நீரோட்டத்தில் வழிகிற தடம், மேலிருந்து பார்த்தால் அருவிபோலத் தெரிகிறது. மேலிருந்து என்றால் ஹெலிகாப்டர். கரையில் நின்றாலும் படகில் போனாலும் ஒன்றும் தெரியாது. எங்கள் ஹோட்டலில் ஒரு ஜோடி அதைப் பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னது. ஹெலிகாப்டர் கட்டணம் கேட்டுவிட்டு அந்த வாரம் முழுக்க அதைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

அதே லெ மோர்ன் மலைக்கு வேறொரு வரலாறு உண்டு. தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் அந்த உச்சியில் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-ல் அடிமை முறை ஒழிந்தது என்று சொல்ல வந்த சிப்பாய்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து மேலிருந்து குதித்துவிட்டார்கள் என்பது அந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 2008-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அடிவாரத்தில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள்.

எங்கள் பயணத்தின் முதல் பாதி ஹோட்டலில் கழிந்தது. பெயர் வேண்டாம். கையில் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். அதைக் காட்டினால் சோறு, குடி, குடை, துண்டு எல்லாம். வாரத்தில் ஓர் இரவு செகா நடனம். சாயும் தென்னை, வெள்ளை மணல், நீலத் தண்ணீர். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதுவே குறையாக இருந்தது. மனைவிக்கு அப்படி இல்லை. "நான் சமைக்கல, பாத்திரம் கழுவல. எனக்கு இதுதான் சுற்றுலா. உங்க ஆராய்ச்சிய நீங்க வச்சுக்கோங்க" என்றாள். ஒரு தீவுக்கு ஆட்கள் ஏன் வருகிறார்கள் என்று கேட்கும்போது, அடுப்படியிலிருந்து விடுதலை என்ற காரணத்தை என்னைப் போன்ற ஆண்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இரண்டாம் பாதிக்கு வடமேற்கே துரூ ஓ பிஷ் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அங்கேதான் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தேன்.

பொதுக் கடற்கரைகளில் தென்னை அபூர்வம், நிற்பது சவுக்கு. அந்தச் சவுக்கு நிழலுக்கு இடம் பிடிக்கக் காலை எட்டு மணிக்கே வண்டிகள் வரத் தொடங்கின. பிறகு வாடகைப் பேருந்துகள். ஒரு தெருவே கிளம்பி வந்ததுபோல. மரத்துக்கு மரம் கயிறு கட்டித் தார்ப்பாய் இழுத்தார்கள். பிரியாணி தேக்சா இறங்கியது, பிளாஸ்டிக் நாற்காலி இறங்கியது, பாட்டியும் இறங்கினாள். ஒரு பக்கம் சீட்டாட்டம். இன்னொரு பக்கம் ரவான் என்கிற பெரிய வட்டப் பறையை நெருப்பில் காட்டித் தோலை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நம்மூரில் பறையைக் காய்ச்சுவதை அப்படியே பார்ப்பதுபோல இருந்தது. ஹோட்டலில் மேடை போட்டு ஆடிய அதே செகா. இங்கே கையில் சோற்றுத் தட்டோடு ஆடினார்கள். சுடிதாரும் புடவையுமாகவே பெண்கள் தண்ணீரில் இறங்கி, கழுத்தளவில் வட்டமாக நின்று ஊர்க்கதை பேசினார்கள். என் அம்மாவை அந்த வட்டத்தில் நிறுத்தினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். கடலைப்பருப்பைப் பூரணமாக அடைத்து மெல்லிசாக இட்ட டால் பூரி. எப்போதும் ஜோடியாகத்தான் தருவார்கள், உள்ளே மொச்சைக் கறியும் தக்காளிச் சாறும் பச்சை மிளகாய்த் துவையலும் வைத்துக் காகிதத்தில் சுருட்டி. காத்தோ பிமா என்று ஒன்று, ஆமவடையேதான், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. காலையில் வெண்ணெய் தடவிய பிரெட்டுக்குள் அதை வைத்து அமுக்கித் தின்கிறார்கள். முதலில் முகம் சுளித்தேன். பாரிஸ் வந்த பிறகு ஞாயிறு காலைகளில் வீட்டில் அதுதான். அன்னாசியைச் சுழல்சுழலாகச் செதுக்கி, மிளகாயும் உப்பும் புளியும் புரட்டித் தருவார்கள். இவற்றில் ஒன்றுகூட எங்கள் ஹோட்டல் பஃபேயில் காரமாக இல்லை. காரத்தை எடுத்துவிட்டுத்தான் வைத்திருந்தார்கள். அந்நியம் கூடாது என்றேனே, அது நாக்குக்கும் பொருந்தும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் ஒரு நிலச் சட்டம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கரையோரமாக ஒரு பட்டை நிலத்தைக் கோட்டை கட்டவும் பீரங்கி வைக்கவும் என்று அரசாங்கம் தன் கையில் வைத்துக்கொண்டது. 'பா ஜியோமெத்ரிக்' என்பார்கள். கடல் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து உள்நோக்கி 50 அடிவைப்பு, அதாவது 81 மீட்டர் சொச்சம். அந்தப் பட்டை இன்றும் அரசு நிலம். விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். ஹோட்டல்கள் நிற்பது பெரும்பாலும் அந்தக் குத்தகை மண்ணில்தான். அதற்குக் கீழே, அலை வந்து போகும் மணல் எல்லோருக்கும் பொது. எந்த ஹோட்டல் முன்னாலும் யாரும் நடக்கலாம், துண்டு விரிக்கலாம். சட்டத்தில் அப்படி. நடைமுறையில் ஒரு காவலாளி வந்து பக்கத்தில் நின்று பார்த்தாலே உள்ளூர்க் குடும்பம் எழுந்து போய்விடும். எங்கள் ஹோட்டல் வாசலிலும் இதைப் பார்த்தேன். பொதுக் கடற்கரையாக அறிவித்த துண்டுகளையே திரும்ப எடுத்து ஹோட்டலுக்குக் கொடுக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. தெற்கே போம்போனெத் கரைக்காக ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்தது. 'எங்கள் கடற்கரையைத் திருடுவதை நிறுத்து' என்பதையே பெயராக வைத்துக்கொண்ட ஓர் இயக்கம் அதை முன்னின்று நடத்தியது. பீரங்கிக்காக ஒதுக்கிய நிலம் பிரியாணிக்கு மிச்சமாகியிருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் இந்தச் சண்டை.

மணலுக்கே ஒரு கதை உண்டு. அந்த வெள்ளை மணல் ஆற்று மணல் இல்லை. பவளமும் சிப்பியும் உடைந்து பொடியானது. பவளம் செத்தால் மணலும் வராது. இருந்தும் பல தலைமுறையாக லகூனுக்குள் படகில் போய் அதை அள்ளி வீடு கட்டினார்கள், ஹோட்டலும் கட்டினார்கள். 2001-ல்தான் லகூனில் மணல் அள்ளத் தடை வந்தது. இப்போது கருங்கல்லைப் பொடித்துக் கட்டுகிறார்கள். அள்ளிய மணலுக்கும் ஏறிவரும் கடலுக்கும் நடுவே பல கரைகள் வருஷத்துக்கு வருஷம் ஒல்லியாகிக்கொண்டு வருகின்றன. சில இடங்களில் கம்பிவலைக்குள் கல்லை அடைத்து அடுக்கியிருக்கிறார்கள். படம் எடுப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

2020-ல் நடந்தது ஞாபகமிருக்கும். ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற ஜப்பானியக் கம்பெனியின் சரக்குக் கப்பல் தென்கிழக்கே புவேன் தெஸ்னி பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசிய ஆரம்பித்து, சுமார் 1,000 டன் லகூனில் கலந்தது. கொரோனாவால் தீவில் சுற்றுலாப் பயணிகளே இல்லாத நேரம். ஊர் ஜனங்கள் கரும்புத் தோகையைத் துணிக்குழாயில் அடைத்துத் தைத்து, மிதக்க பிளாஸ்டிக் பாட்டில் கட்டி, எண்ணெயைத் தடுக்கத் தாங்களே மிதவைவேலி செய்து கடலில் விட்டார்கள். முடியை வெட்டிக்கூடக் கொடுத்தார்கள். மெபூர் கரையில் அதைப் பற்றி ஒரு மீனவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். எஜமானர்களுக்குச் சர்க்கரை கொடுத்த பயிரின் தோகை தங்கள் கடலுக்கு வேலி ஆனதைச் சொல்லி அவர் சிரித்தார். அதற்கப்புறம் மீன் எப்படிக் குறைந்தது என்று சொன்னபோது சிரிக்கவில்லை.

நம் ஊரிலிருந்து போக நினைப்பவர்கள் கேட்பார்கள் என்பதால் சில வார்த்தை. இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. பருவம் நமக்குத் தலைகீழ். ஜூலை அங்கே குளிர்காலம், ஆனால் நம்மூர் மார்கழிதான் அந்தக் குளிர். அப்போது தென்கிழக்கிலிருந்து காற்று வீசிக்கொண்டே இருக்கும், கிழக்குக் கரையில் மணல் முகத்தில் அடிக்கும்; மேற்கே ஃப்ளிக் அன் ஃப்ளாக் பக்கம் போய்விடுங்கள். ஜனவரியும் பிப்ரவரியும் புயல் மாதங்கள். எச்சரிக்கை நான்கு படி. மூன்றாம் படி வந்தால் கடை, பஸ் எல்லாம் மூடிவிடும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. இருந்தும் பாரிஸ் பள்ளிக்கூடம் விடுமுறை விடுவது பிப்ரவரியில் என்பதால் எங்கள் ஆபீஸ் ஆட்கள் அப்போதுதான் போகிறார்கள். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் செப்டம்பர், அக்டோபர் என்பார்கள்.

தமிழ் பற்றியும் கேட்பார்கள். மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-ல் அதை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. காவடி முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறி போடுவார்கள். ஆனால் கோயிலில் தேவாரம் பாடுகிறவரிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தால் கிரியோலில் பதில் வரும். அங்குள்ள தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புக்குக் கூலியாகப் போனவர்களின் வழிவந்தவர்கள் மட்டுமில்லை. அதற்கு நூறு வருஷம் முன்பே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கூட்டிப்போன கொத்தனார், தச்சர்களின் வழிவந்தவர்களும் உண்டு. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அப்ரவாசி காட் கல்படிகள் இருக்கின்றன. 1834-லிருந்து கிட்டத்தட்ட 5 லட்சம் கூலிகள் வந்து சேர்ந்த தீவு இது. அவர்களை இறக்கிப் பதிவு செய்த இடம் அது. ஹோட்டலிலிருந்து அதைப் பார்க்க டாக்ஸி கேட்டபோது, பக்கத்திலிருக்கும் கடைவளாகத்துக்குத்தானே என்று வரவேற்பில் கேட்டார்கள்.

அன்று வண்டி ஓட்டியவர் கோயில் தர்மகர்த்தா குடும்பம். பிரெஞ்சில்தான் பேசினோம். வணக்கம் மட்டும் தமிழில். "நீங்கள் லீவுக்கு எங்கே போவீர்கள்?" என்று கேட்டேன். ரொத்ரிக் என்றார். கிழக்கே 560 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குட்டித் தீவு. மொரிசியசுக்குச் சொந்தமானது, 2002-லிருந்து தன்னாட்சி. சின்ன விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே என்ன விசேஷம் என்றேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திக் கைபேசியில் படங்களைக் காட்டினார்: கொடியில் துணிபோலத் தொங்கும் கணவாய்க் கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், கதவு பூட்டாத வீடு, ஆளில்லாத கரை. தன் சின்ன வயதில் க்ராண்ட் பே இப்படித்தான் இருந்தது என்றார். இப்போது அங்கே பெரிய விமானம் இறங்குவதற்காகப் புது ஓடுபாதை போடுகிறார்களாம். அது முடிவதற்குள் குடும்பத்தோடு இன்னொரு தடவை போய்விட வேண்டும் என்று அவர் வீட்டம்மா நச்சரித்துக்கொண்டிருக்கிறாராம். பின்சீட்டில் என் மனைவி அதற்குள் ரொத்ரிக் டிக்கெட் என்ன விலை என்று தேட ஆரம்பித்திருந்தாள்.